விருந்தும் விலையும்

ஒரு பொருளுக்கு ஒரு விலை என்பது அங்காடியைப் பற்றி நாம் இளமையில் கற்ற பாடம். அரிசிக்கும் உப்புக்கும் அப்பாடம் ஓரளவு பொருந்தி வரலாம். மகிழ்ச்சியை விற்கும் இடங்களுக்கு அது பொருந்துவதில்லை. கேளிக்கைப் பூங்கா ஒன்றில் சுழலும் இராட்டினத்தை எண்ணிப் பாருங்கள். அதில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் நால்வர் நான்கு விலை கொடுத்து உள்ளே வந்திருக்கக்கூடும். ஒருவர் அன்றைய நாளுக்குரிய சீட்டு வாங்கியவர். மற்றொருவர் ஆண்டு முழுமைக்கும் செல்லும் சீட்டை உடையவர். மூன்றாமவர் கூட்டமாக வந்து சலுகை பெற்றவர். நான்காமவர் வரிசையில் நில்லாமல் முந்திச் செல்வதற்குத் தனியே பணம் கட்டியவர். இராட்டினம் நால்வரையும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது.

தமிழ்த்துறை மலரில் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சொல்லாய்வும் காப்பியத் திறனாய்வும் இடம்பெற வேண்டிய பக்கங்களில் சீட்டுக்கு என்ன வேலை என்று மூத்த பேராசிரியப் பெருமக்கள் வினவலாம். அதற்கு நம்மிடம் இரு காரணங்கள் உள்ளன. நம் துறையின் இறுதியாண்டு மாணவர்களை இன்பச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பல்லாண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது என்பது ஒன்று. ‘விருந்து’ என்னும் தமிழ்ச்சொல் மற்றொன்று. முதலில் சுற்றுலாவைக் கூறி, சொல்லைப் பின்னர்க் காண்போம்.

வாராதவர் யார்?

ஆண்டுதோறும் சுற்றுலா நாள் காலையில் பேருந்தின் படியருகே நின்று பெயர்களை அழைப்பது நம் வழக்கம். வகுப்பின் வருகைப் பதிவேட்டுக்கும் பேருந்தின் இருக்கைகளுக்கும் கணக்கு ஒத்துவந்ததில்லை. நான்கைந்து பேர் குறைவர். மறுநாள் காரணம் கேட்டால், “வீட்டில் விருந்தாளி வந்துவிட்டார்கள் ஐயா” என்பார் ஒருவர். “வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை ஐயா” என்பார் இன்னொருவர். இவை மானமுள்ள பிள்ளைகள் சொல்லும் காரணங்கள். அவற்றைத் தோண்டித் துருவுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆயினும் உண்மை நமக்குத் தெரியும். பேருந்துக்குரிய பங்கைக் கட்டிவிட இயன்ற குடும்பங்களே அவை. பூங்காவின் வாயிலில் தலைக்கு இவ்வளவு என்று கட்டவேண்டிய தொகையே அவர்களை வீட்டில் நிறுத்தியது.

வந்தவர்களிலும் ஒரு வேற்றுமை உண்டு. உயரத்தில் ஏறினால் தலைசுற்றும் என்று அஞ்சும் மாணவியர் சிலர் இருப்பர். மாணவியர்க்குத் துணையாக வரும் அலுவலக உதவியாளர் அம்மையார், எல்லோருடைய பைகளையும் காலணிகளையும் காத்துக்கொண்டு மரநிழலில் மாலைவரை அமர்ந்திருப்பார். அவர் எதிலும் ஏறுவதில்லை, நீரிலும் இறங்குவதில்லை. அவருக்கும் முழுக் கட்டணமே. ஓராண்டு, நாம் சென்றிருந்த பூங்காவின் மேலாளரிடம் இதைக் கேட்டோம். அவர் இன்முகத்துடன், “வாயில் ஒன்று, சீட்டும் ஒன்று ஐயா. உள்ளே யார் ஏறினார், யார் ஏறவில்லை என்று நாங்கள் கணக்கு வைப்பதில்லை” என்றார்.

அவர் கூறியது பொய்யன்று. ஆனால் ‘கணக்கு வைப்பதில்லை’ என்பதே ஒரு கணக்கு அன்றோ? அது எங்கே, எவ்வாறு தோன்றியது என்று அறியும் அவா அன்று நம்முள் எழுந்தது. நூல்களைப் புரட்டியபோது அந்தக் கணக்கு நம்மைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்றது.

ஏ முதல் ஈ வரை

1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனகைம் என்னும் ஊரில், வால்ட் டிஸ்னி தம் டிஸ்னிலாந்துப் பூங்காவைத் திறந்தார். தொடக்கத்தில் அங்கு நுழைவுக்குப் பெரியவர்க்கு 1 டாலர். சிறுவர்க்கு அதில் பாதி. உள்ளே சென்றபின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே சில்லறை கொடுத்துச் சீட்டுப் பெறவேண்டும். நம் ஊர்த் திருவிழாப் பொருட்காட்சிகளில் நாம் கண்ட முறையே அது. ஏறுபவர் கொடுப்பார், வேடிக்கை பார்ப்பவர் கொடுக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டு அக்டோபரிலேயே அம்முறை மாறியது. ஏ, பி, சி என எழுத்திட்ட சீட்டுகளைக் கோத்துச் சிறு புத்தகமாக விற்கத் தொடங்கினர். 1956இல் டி வந்தது. 1959இல் ஈ வந்தது. ஏ எளிய விளையாட்டுக்கு உரியது. ஈ மிகச் சிறந்தவற்றுக்கு உரியது. இதில் ஒரு நுட்பம் இருந்தது. எல்லோரும் சிறந்த ஊர்திகளின் முன்னேயே குவிந்துவிடாமல், கையிலுள்ள ஏ, பி சீட்டுகளைச் செலவிடுவதற்காகவேனும் பூங்காவின் மற்றப் பகுதிகளுக்கும் செல்வர். கூட்டம் தானே பரவும். செலவிடாத ஏ சீட்டுகள் வீட்டு மேசையின் இழுப்பறையில் தங்கிவிடும். அவற்றின் விலையோ பூங்காவிடம் முன்னரே சேர்ந்துவிட்டது.

சொல்லாய்வில் நாட்டமுள்ள மாணவர்க்கு இங்கே ஒரு செய்தி. ‘ஈ சீட்டு’ என்பது ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘மிகச் சிறந்த அனுபவம்’ என்னும் பொருளுடைய தொடராகவே ஆகிவிட்டது. 1983ஆம் ஆண்டு ஜூனில் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி சாலி ரைடு, தம் விண்கலம் மேலெழுந்த அனுபவத்தை இச்சொல்லால்தான் வருணித்தார். அவர் அவ்வாறு கூறியபோது அச்சீட்டுகள் வழக்கொழிந்து ஓராண்டு ஆகியிருந்தது. பொருள் மறைந்தபின்னும் சொல் வாழ்கிறது.

1982இல் டிஸ்னிலாந்து சீட்டுப் புத்தகங்களைக் கைவிட்டு, ஒரே கட்டணத்தில் அனைத்திலும் ஏறலாம் என்னும் முறைக்கு முற்றிலும் மாறியது. அதற்கு முன்பே டெக்சாசில் 1961இல் திறக்கப்பட்ட சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா இம்முறையைக் கையாண்டிருந்தது. ஒவ்வோர் ஊர்தியின் முன்பும் சீட்டு வாங்கிக் கிழிக்க ஆள் நிறுத்தவேண்டிய தேவை இதனால் நீங்கியது. வருவோர்க்கும் ஒவ்வொரு முறையும் பணப்பையைத் திறக்கும் உறுத்தல் இல்லை. மேலாளர் நம்மிடம் கூறிய ‘ஒரு வாயில், ஒரு சீட்டு’ பிறந்து வளர்ந்த கதை இது.

ஓய் எழுப்பிய வினா

இம்மாற்றத்துக்கு முன்னரே, 1971இல், வால்ட்டர் ஓய் என்னும் பொருளியல் அறிஞர் டிஸ்னிலாந்தின் பெயரைத் தலைப்பிலேயே கொண்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஓய் சப்பானிய வழியினர், கலிபோர்னியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிய வழி அமெரிக்கர்களை அந்நாட்டரசு முகாம்களில் அடைத்தபோது அவரும் சிறுவனாக அடைபட்டார். பின்னர்க் கண்பார்வையையும் இழந்தார். அத்தகைய ஒருவர் கேளிக்கைப் பூங்காவின் கட்டணத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்றும் உலகெங்கும் பொருளியல் மாணவர்க்குப் பாடமாக உள்ளது.

அவர் எழுப்பிய வினா எளியது. வாயிலில் மிகுதியாக வாங்கிக்கொண்டு ஊர்திகளை ஏறக்குறைய இலவசமாக விடுவதா? வாயிலைக் குறைந்த விலைக்குத் திறந்துவிட்டு ஊர்திகளில் மிகுதியாக வாங்குவதா? வருவோர் அனைவரும் ஒரே அளவு விருப்பம் உடையவராயின் முதல் வழியே ஆதாயம் தரும் என்றார் அவர். ஊர்திக்கு ஆகும் செலவை மட்டும் ஊர்தியில் வாங்கலாம். இலாபம் முழுவதையும் வாயிலிலேயே பெறலாம். ஆனால் மக்கள் ஒரே அளவினர் அல்லர். சிலர் இருபது முறை ஏறுவர். சிலர் இரண்டு முறை ஏறுவர். வாயில் விலையை உயர்த்தினால் இரண்டாம் வகையினர் வாராமலே நின்றுவிடுவர். அவர்களையும் இழவாதிருக்க வேண்டின் வாயில் விலையைத் தாழ்த்தி, உள்ளே ஏறுவதற்குச் சற்றுக் கூட்டி வாங்குவது நன்று. இதுவே அவர் காட்டிய இருபகுதிக் கட்டணம்.

இதைப் படித்து முடித்தபோது, நம் பேருந்தின் படியருகே பெயர் அழைத்தும் மறுமொழி வாராத பிள்ளைகள் நினைவுக்கு வந்தனர். ஓய் எழுதியது பூங்காவின் ஆதாயத்தைப் பற்றி. ஆயினும் உயர்ந்த வாயில் யாரை வெளியே நிறுத்தும் என்பதை அவர் கணக்கு தெளிவாகக் காட்டிவிடுகிறது. பூங்காவின் வாயிலை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. நம் துறையின் வாயில் நம் கையில் இருக்கிறது அல்லவா?

அவ்வாண்டு முதல் துறையில் ஒரு வழக்கம் கொண்டோம். சுற்றுலாவின் மொத்தச் செலவைக் கரும்பலகையில் எழுதிவிடுவோம். தலைக்கு இவ்வளவு என்று எழுதுவதில்லை. ஒவ்வொருவர்க்கும் பெயர் எழுதாத உறை ஒன்று தரப்படும். இயன்றதை இட்டு, ஒட்டி, மேசைமேல் உள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும். குறையும் தொகையை ஆசிரியர்களும் பழைய மாணவர் சிலரும் நிரப்புவர். முதலாண்டில் ஓர் உறையில் பத்து ரூபாய் நாணயங்கள் ஏழு மட்டும் இருந்தன. மற்றோர் உறையில் இருவர் பங்குக்கு மேல் இருந்தது. எது எவருடையது என்று நாம் அறியோம். அறிய முயன்றதும் இல்லை. பூங்காவில் கூட்டம் குறைந்த வேலைநாள் ஒன்றைத் தேர்ந்து, கல்லூரிக் குழுவுக்குரிய சலுகையையும் கேட்டுப் பெற்றோம். 42 பேரில் 41 பேர் வந்தனர். வாராத ஒருவருக்கு உண்மையிலேயே காய்ச்சல்.

ஆண்டுச் சீட்டின் உள்ளுறை

இனி, ஆண்டுச் சீட்டைக் காண்போம். அகப்பாடலில் உள்ளுறை உண்டு என்று வகுப்பில் கற்பிக்கிறோம். மேலோட்டமாகத் தோன்றும் காட்சிக்கு அடியில் வேறொரு பொருள் மறைந்திருக்கும். ஆண்டுச் சீட்டும் அத்தகையதே. மேலே தெரிவது, ‘ஒருமுறை கட்டுங்கள், ஆண்டு முழுதும் வாருங்கள்’ என்னும் அழைப்பு. அடியில் இருப்பவை வேறு.

பூங்காவை நடத்த ஆகும் செலவில் பெரும்பகுதி, ஆள் வந்தாலும் வாராவிட்டாலும் ஆவது. நிலம், எந்திரங்கள், பணியாளர் சம்பளம், மின்சாரம் ஆகியவை ஆள்வரவைப் பார்த்துக் குறைவதில்லை. வெறிச்சோடிய செவ்வாய்க்கிழமை ஒன்றில் ஒருவர் கூடுதலாக வந்தால் பூங்காவுக்கு ஆகும் செலவு சிறிதே. அவர் வண்டி நிறுத்தக் கட்டணம் தருவார், உணவும் உண்பார். ஆதலின் அருகில் வாழ்வோரை வேலைநாள்களில் மலிவாக அழைப்பதும், கூட்டம் மிகும் நாள்களில் அவர்களை விலக்குவதும் பூங்காவுக்கு நன்மை. விலக்கு நாள்கள் மிகுந்த சீட்டு மலிவு. விலக்கே இல்லாத சீட்டு விலை மிகுதி. ஆண்டின் தொடக்கத்திலேயே மொத்தப் பணமும் கைக்கு வந்துவிடுவது மற்றொரு நன்மை.

வாங்குவோர் மனத்திலும் ஓர் உள்ளுறை இருக்கிறது. நாளை நாம் எப்படி இருப்போம் என்பதில் மனிதர்க்கு நம்பிக்கை மிகுதி. 2006இல் தெல்லாவிஞ்யா, மால்மெண்டியர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் உறுப்பினர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதக் கட்டணம் கட்டியோர், தாம் சென்ற முறைகளைக் கணக்கிட்டால், ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தனர். அதே கூடத்தில் 10 டாலர் வீதம் அவ்வப்போது கட்டிச் செல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. அடிக்கடி செல்வோம் என்று எண்ணினர், சென்றது குறைவு. ஆண்டுச் சீட்டை வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் இவ்வாய்வை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் தமக்கையின் மகள் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் தென் கலிபோர்னியாவில் வாழ்ந்து வருகிறார். 2021ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட டிஸ்னிலாந்து, 2021 ஜனவரியில் தன் பழைய ஆண்டுச் சீட்டு முறையையே கலைத்துவிட்டு, ஏப்ரல் 30ஆம் நாள் மீண்டும் திறந்தது. ஆகஸ்டில் புதிய முறையை அறிவித்தது. அதற்கு ‘மேஜிக் கீ’, அதாவது மாயச் சாவி என்று பெயர். சாவிகள் நான்கு. அவற்றின் விலை 399, 649, 949, 1399 டாலர். மிக மலிவான சாவி தென் கலிபோர்னியாவில் வாழ்வோர்க்கு மட்டும் உரியது.

“மாமா, நான்கு சாவி இருக்கிறது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதை வாங்கலாம், நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

“விலையை அப்புறம் பார்ப்போம் மகளே. முதலில் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியை எடுத்து வா” என்றோம்.

அன்று ஒருநாள் சீட்டின் மிகக் குறைந்த விலை 104 டாலர். 399 டாலர்ச் சாவி நான்காம் வருகையில்தான் தன் விலையை மீட்டுத் தரும். ஆனால் மக்கள் பெரிதும் விரும்பும் நாள்கள் பல அந்தச் சாவிக்கு விலக்கு. எந்தச் சாவியாயினும் முன்பதிவு செய்தே செல்லவேண்டும். கணவர்க்கு விடுப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, சாவிக்கு அனுமதி, முன்பதிவில் இடம் ஆகிய நான்கும் ஒருசேரக் கூடும் நாள்களைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னோம். அரைமணி நேரம் கழித்து, “மூன்று நாள்தான் தேறுகிறது மாமா” என்றார். நால்வர்க்கும் சேர்த்து 1596 டாலர் கட்டி மூன்று நாள் செல்வதைக் காட்டிலும், ஒருநாள் சீட்டு வாங்கி, அந்த ஒருநாளை நிறைவாகக் கழிப்பது மேல் என்று அவரே முடிவு செய்தார். அந்தக் குளிர்காலத்தில் அவ்வாறே சென்று வந்தனர்.

அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். செவ்வாய்தோறும் அப்பூங்காவுக்குச் சென்று, நடந்து, ஒரு காப்பி அருந்தி, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு வருவார். பெரும்பாலும் எதிலும் ஏறுவதில்லை. அவருக்கு அந்த மலிவுச் சாவி மிகப் பொருத்தமானது. ஆகவே ஆண்டுச் சீட்டு நன்றா தீதா என்று பொதுவாக வினவுவதில் பயனில்லை. சீட்டு விற்பவர்க்கு நம் நாட்காட்டி தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் நாமே.

காலமும் ஒரு நாணயம்

கூட்டம் மிகுந்த இடத்தில் வரிசையும் ஒருவகை விலையே. பணம் தருவதற்கு மாறாக அங்கே பொழுதைத் தருகிறோம். வரிசைக்கு ஒரு சிறப்பு உண்டு. செல்வர்க்கும் எளியவர்க்கும் ஒரு நாளுக்கு 24 மணிதான். ஆதலின் அந்த விலை எல்லோர்க்கும் ஓரளவு ஒத்தது.

டிஸ்னி பூங்காக்களில் 1999இல் வரிசையில் நில்லாமல் நேரம் குறித்துக்கொண்டு பின்னர் வந்து ஏறும் முறை கொண்டுவரப்பட்டது. நுழைவுச் சீட்டு உடைய எவரும் அதைக் கட்டணமின்றிப் பெற்றனர். அது இன்று இல்லை. 2021 டிசம்பரில் டிஸ்னிலாந்தில் அதன் இடத்துக்கு வந்த முறைக்கு, நுழைவுச் சீட்டுக்கு மேல் ஒரு நாளைக்கு 20 டாலர் எனத் தொடக்க விலை வைத்தனர். காலம் என்னும் பொது நாணயத்தின் இடத்தில் டாலர் வந்து அமர்ந்தது.

நாளுக்கு ஒரு விலை என்பதும் இவ்வாறே வந்தது. 2016 பிப்ரவரியில் டிஸ்னிலாந்து தன் ஒருநாள் சீட்டை மூவகையாகப் பிரித்தது. கூட்டம் குறைந்த நாளுக்கு 95 டாலர், நடுத்தர நாளுக்கு 105, நெரிசலான நாளுக்கு 119. 2024 அக்டோபரில் இவ்வேறுபாடு 104 முதல் 206 டாலர் வரை விரிந்தது. கூட்டத்தைப் பரவச் செய்தல் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அக்காரணத்தில் உண்மை உண்டு. முன்பு ஏ சீட்டு மக்களைப் பூங்காவின் மூலைகளுக்கு அனுப்பியது போல, இந்த விலை அவர்களை ஆண்டின் மூலைகளுக்கு அனுப்புகிறது. ஆயின் தான் விரும்பிய நாளில் விடுப்பெடுக்க இயன்றவர்க்கே அம்மூலைகள் பயன்படும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு நெரிசல் நாளும் அதன் விலையுமே மிஞ்சும்.

நம் நாட்டிலும் வேலைநாளுக்கு ஒன்று, விடுமுறை நாளுக்கு ஒன்று என்னும் விலைமுறை பரவியுள்ளது. 2000இல் கொச்சியில் ‘வீகாலேண்டு’ என்னும் பெயரில் தொடங்கி, இன்று ‘வொண்டர்லா’ என வழங்கும் நிறுவனம், 2005இல் பெங்களூரிலும், 2016இல் ஐதராபாத்திலும், 2024இல் புவனேசுவரத்திலும், 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகிலும் பூங்காக்களைத் திறந்தது. அங்கே சிறுவர் சீட்டு வயதைக் கேட்டுத் தருவதன்று; உயரத்தை அளந்து தருவது. பிள்ளையின் வயதைக் குறைத்துக் கூறும் இக்கட்டிலிருந்து பெற்றோர் தப்பினர். பூங்காக் கட்டணத்தின் மீதான சரக்கு சேவை வரியை 2018 ஜனவரியில் அரசு 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைத்தது. குடும்பங்கள் பூங்காவுக்குச் செல்வதை ஆடம்பரச் செலவாக மட்டும் கருதாமல் பார்க்கும் பார்வைக்கு அது ஓர் அடையாளம்.

விருந்து என்னும் சொல்

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருவோம். டிஸ்னி நிறுவனம் தன் பூங்காவுக்கு வருவோரை ‘வாடிக்கையாளர்’ என்று அழைப்பதில்லை. ‘விருந்தினர்’ என்றே அழைக்கிறது. தமிழில் ‘விருந்து’ என்பதன் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றாக ‘விருந்து’ என்பதைக் கூறுகிறது. புதிதாக யாக்கப்படும் செய்யுளைக் குறிப்பது அது. புதிதாக வருபவர்க்கு அப்பெயர் பின்னர் ஆகிவந்தது. உறவினரும் நண்பரும் அடிக்கடி வருவோர், அவர்கள் சுற்றம். முன்பின் அறியாத புதியவரே விருந்து. சுற்றம் தழுவலுக்கும் விருந்தோம்பலுக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்ததை நாம் அறிவோம்.

2022 ஆகஸ்டில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட காலாண்டு வரவுசெலவு அறிக்கையில், டிஸ்னிலாந்தின் ‘வருகையாளர் கலவை’ ஆதாயத்துக்குப் பாதகமாக இருந்தது என்னும் கருத்தில் ஒரு தொடர் இடம்பெற்றது. ஆண்டுச் சீட்டு உடையோர் மிகுந்து, தொலைவிலிருந்து வந்து மிகுதியாகச் செலவு செய்வோர் குறைந்திருந்தனர் என்பதே அதன் பொருள் எனப் பலரும் கொண்டனர். ஆண்டுக்கணக்கில் அப்பூங்காவைத் தம் வீட்டு முற்றமாகக் கருதி வந்தவர்கள், தாம் ‘பாதகமானவர்’ என எண்ணப்பட்டதாக உணர்ந்து மனம் நொந்தனர். வணிகத்தின் கணக்கில் சுற்றத்தினும் விருந்தே மேல் என்று அன்று தெரிந்தது.

நம் மரபும் புதியவரைப் போற்றியது. வணிகமும் புதியவரைப் போற்றுகிறது. சொல் ஒன்றே. காரணம் வேறு. நம் முன்னோர் புதியவரைப் பேணியது, அவ்வூரில் அவருக்கு ஒருவரும் இல்லை என்பதால். பூங்கா புதியவரை விரும்புவது, அவர் பணப்பையோடு வந்திருக்கிறார் என்பதால். இதற்காக வணிகரைப் பழித்தல் நம் கருத்தன்று. ஆயிரக்கணக்கான பணியாளர்க்குச் சம்பளம் கொடுத்து, எந்திரங்களை விபத்தின்றி இயக்கி, மழைக்காலத்தின் இழப்பையும் தாங்கி நடத்தவேண்டிய தொழில் அது. அது அன்னசத்திரம் அன்று. ஆனால் விலைக்கு விற்கும் ஒன்றை விருந்து என்று அழைக்கும்போது, அச்சொல் எந்தப் பொருளில் வந்தது என்பதை அறிந்துகொள்ளும் கடமை நமக்கு உண்டு.

தமிழ் படித்து என்ன பயன் என்று உங்களிடம் கேட்போர் உளர். மாணவச் செல்வங்களே, அவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லுங்கள். மேலே கூறிய நான்கு சாவிகளில் 1399 டாலர்ச் சாவிக்கு ‘விலக்கு நாள்கள் இல்லை’ என்று விளம்பரம் செய்தனர். வாங்கியவர்கள் எந்நாளும் செல்லலாம் என்று பொருள் கொண்டனர். முன்பதிவு செய்ய முயன்றபோது சில நாள்களில் சாவிக்குரிய இடங்கள் முடிந்திருந்தன. ஒருநாள் சீட்டுக்கோ இடம் இருந்தது. ‘விலக்கு இல்லை’ என்பது வேறு, ‘முன்பதிவில் இடம் உண்டு’ என்பது வேறு என்றது நிறுவனம். 2021 இறுதியில் வழக்கு நீதிமன்றம் சென்றது. 2023இல், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 95 லட்சம் டாலர் தந்து நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அச்சாவி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வுடன்பாட்டுக்குள் வந்தனர். இத்தனைக்கும் காரணம் ஒரு சிறு தொடரின் பொருள்.

ஒரு தொடர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, எந்தச் சொல்லைக் கூட்டிப் பொருள் கொள்ளவேண்டும் என்பனவற்றைத்தான் நம் உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக ஆராய்ந்தார்கள். நச்சினார்க்கினியரையும் பரிமேலழகரையும் பயின்ற கண்கள், சீட்டின் பின்புறத்துச் சிறு எழுத்துகளின் முன் கூசவேண்டியதில்லை. தவணை ஒப்பந்தமாயினும், காப்பீட்டுத் தாளாயினும், வீட்டு வாடகைப் பத்திரமாயினும் அதே கண்ணோடு படியுங்கள். உங்கள் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் படித்துச் சொல்லுங்கள். இன்று உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பலர். பொருள் காணத் தெரிந்தோர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவராக உங்களை ஆக்குவதே இத்துறையின் பணி.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். துறைச் சுற்றுலாவுக்கும் விழாவுக்கும் கட்டணம் குறிக்கும் பொழுதெல்லாம், அத்தொகை யாரை உள்ளே அழைக்கிறது என்பதோடு, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வணிகர் தம் ஆதாயத்துக்காகச் செய்யும் அக்கணக்கை, நாம் நம் பிள்ளைகளுக்காகச் செய்தல் தகும்.